குதிரைக்குப் பல் ராவும் டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு லாயத்தில் நான்கு இளம் கால்நடை மருத்துவர்களைப் பார்த்தேன். இரண்டு நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய சூடு இன்னும் ஆறவில்லை. ஒருவர் புத்தம் புது மோட்டார் அரத்தைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். மயக்க ஊசியில் குதிரையின் தலை முழுசாகத் தொங்குவதற்குள் மோட்டார் உறுமியது. ஒரு காலத்து என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

நம்மில் பலர் மாட்டு வைத்தியத்தில் ஊறியவர்கள். ஐந்தரை வருஷப் படிப்பில் குதிரைப் பல் என்றால் வயது பார்ப்பதுதான். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வாங்க வருகிறவர் உதட்டை விலக்கிப் பார்க்கிறாரே, அந்த முன்பல் பாடம். நமக்கு வேலை இருப்பதோ அதற்குப் பின்னால், கை சரியாக எட்டாத 24 கடைவாய்ப் பற்களில். தலைவிளக்கு, கண்ணாடி, டெட்டனஸ் ஊசி எல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

மயக்க ஊசி போட்ட கையோடு ஆரம்பிப்பது

சைலசின் என்ற மயக்க மருந்தைப் போட்டபின் ஐந்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது, வாளியை உருட்டக் கூடாது. சத்தத்தில் மிரண்ட குதிரைக்கு அப்புறம் எவ்வளவு போட்டாலும் அரைகுறையாகத்தான் பிடிக்கும்.

வாயை வழுவழுப்பாக்குவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் கூடுதலாக.

குதிரையின் மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் மேல்பற்களின் கன்னப் பக்கமும் கீழ்ப்பற்களின் நாக்குப் பக்கமும் தேயாமல் கூராகி நிற்கும். அந்தக் கூரை எடுக்கத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் மோட்டார் கையில் இருந்தால் அதோடு நிற்க மனசு வராது. அரைக்கும் பரப்பிலும் ஓர் இழுப்பு இழுத்துவிடுவோம்.

அந்தப் பரப்பு சொரசொரப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பல்லின் அடுக்குகளான எனாமல், டென்டின், சிமென்டம் மூன்றும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. எனாமல் வரப்பு வரப்பாக எழும்பி நிற்கும், அதில்தான் புல் அரைபடும். அம்மி மழுங்கினால் ஆள் கூப்பிட்டுக் கொத்தச் சொல்கிறோம். இங்கே கொத்தின அம்மியை மெனக்கெட்டுத் தேய்த்து மழுக்கிவிட்டுக் கூலியும் வாங்குகிறோம்.

என் கதை பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் நடந்தது. பதினேழு வயது, கத்தியவார் இனப் பெண் குதிரை. அலை அலையாக ஏறி இறங்கிய பல்வரிசை. நடு முன்பல்லை ஒன்று என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினால் வரும் ஒன்பதாம் எண் பல்தான் கடைவாயில் மூத்தது, ஒரு வயதிலேயே முளைப்பது. ஆகவே முதலில் தேய்ந்து தீருவதும் அதுதான். அவளுக்கு மேல் ஒன்பது கிட்டத்தட்ட முடிந்துபோயிருந்தது. நான் அதைக் கணக்கில் எடுக்காமல், எழும்பி நின்றதையெல்லாம் ஒரே நாளில் சமன் செய்தேன். பல் பொடி தீய்ந்த வாடை வந்ததும் ஞாபகம் இருக்கிறது. அதையும் பொருட்படுத்தவில்லை. வாயைக் கழுவி, போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பத்து நாளில் போன் வந்தது. "ஏனுங்க டாக்டர், பல்லு பளபளன்னுதான் இருக்குது, அப்புறம் ஏனுங்க திங்க மாட்டேங்குது?" போய்ப் பார்த்தால் தொட்டியடியில் பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள், சுண்டைக்காய் முதல் எலுமிச்சை வரை. மேலும் கீழும் பல் சேரவே இல்லை. தவிடும் வேகவைத்த கொள்ளும் குழைத்து ஒரு வருஷம் போல ஓட்டினோம்.

கணக்கு இதுதான். குதிரைப் பல் வருஷத்துக்கு 2 முதல் 3 மி.மீ. தான் வெளியே வரும். நீங்கள் பத்து நிமிஷத்தில் எடுத்த 5 மி.மீ. திரும்ப வர இரண்டு வருஷம் ஆகலாம். கிழட்டுக் குதிரையிடம் மீதிப் பல்லே இல்லை, எங்கிருந்து வரும்? போதாததற்கு ஒவ்வொரு கடைவாய்ப் பல்லுக்குள்ளும் நரம்பும் ரத்தமும் ஓடும் பல்கூழ் குறைந்தது ஐந்து கொம்புகளாக மேலே ஏறி நிற்கிறது. பரப்பில் தெரியும் பழுப்புப் புள்ளிகளுக்கு நேர் கீழே அவை. புள்ளி இளஞ்சிவப்பாக மாறினால் அந்த நொடியே கையை எடுங்கள். ஒரே இடத்தில் மோட்டாரை அழுத்திப் பிடித்தால் சூட்டிலேயே பல்கூழ் செத்துவிடும், பல்லைத் திறக்கக்கூட வேண்டாம்.

இப்போதெல்லாம் எழும்பிய பல்லில் ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் எடுப்பதில்லை. மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடி போகிறேன். முதலாளிக்கு இது பிடிக்காது, இரண்டு தடவை பணம் கறக்கிறோம் என்று நினைப்பார். நினைக்கட்டும்.

கடைசிப் பல்லைக் கொக்கி என்று நினைப்பது

கீழ்வரிசை பின்பக்கம் போகப்போக இயல்பாகவே மேல்நோக்கி வளையும். விரலால் தடவினால் கடைசியான பதினொன்றாம் பல் கொக்கி மாதிரி அளவுக்கு மீறி வளர்ந்து துருத்துவது போலத் தோன்றும். புதியவர்கள் பாதிப் பேர் அதை ராவிவிடுகிறார்கள். எதிர்ப்பல்லைத் தாண்டி நீண்டிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். தாண்டவில்லை என்றால் அது கொக்கியில்லை, குதிரையின் தாடை அமைப்பு.

கோரைப்பல்லைக் கட்டரால் நறுக்குவது

கூடாது. உள்ளே பல்கூழ் இருக்கிறது.

ஓநாய்ப்பல்லை அவசரமாகப் பிடுங்குவது

ஓநாய்ப்பல் என்பது கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் இருக்கும் சின்னப் பல். பிடுங்கும் கருவி அண்ணத்துப் பக்கம் வழுக்கினால் அங்கே ஓடும் தமனி கிழியும். ரத்தம் பீறிடும்போது பயிற்சியில் சொன்னது எதுவும் நினைவுக்கு வராது.

ஆடாத பால்பல்லை நெம்புவது

கடைவாய்ப் பால்பற்கள் ஏறக்குறைய இரண்டரை, மூன்று, நான்கு வயதில் வரிசையாக விழும். ஆடினால் எடுங்கள். ஆடாவிட்டால், பந்தயம் நெருங்குகிறது என்று பயிற்சியாளர் எவ்வளவு நெருக்கினாலும் தொடாதீர்கள். அடியில் நிரந்தரப் பல் இன்னும் முழுசாகத் தயாராகவில்லை.

எழுதி வைக்காமல் விடுவது

எந்தப் பல், எத்தனை மி.மீ., எந்தத் தேதி. பொள்ளாச்சிக் குதிரைக்கு என்னிடம் சார்ட் கிடையாது. அந்த போட்டோ மட்டும் இருக்கிறது.