வேலூரில் சோலார் நிறுவனத்தை வளர்க்க

தொடக்கத்தில் காட்பாடி, வேலூர், குடியாத்தம் வட்டாரத்தைத் தாண்டாதீர்கள். பழுது என்றால் அன்றே ஆள் போய்ச் சேர வேண்டும். அடுத்த ஆர்டர் பெரும்பாலும் அதே தெருவிலிருந்துதான் வரும்.

வீட்டுக்கு 3 கிலோவாட் நல்ல அளவு. 540 வாட் பேனல் 6, நிழல் விழாத சுமார் 300 சதுர அடி மொட்டைமாடி, தெற்கு பார்த்து 12 முதல் 15 டிகிரி சாய்வு. நாளுக்குச் சராசரி 12 யூனிட் என்றே சொல்லுங்கள். வேலூர் வெயிலுக்கு இன்னும் கூடும் என்று ஆசை காட்டக் கூடாது. பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடேறினால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் குறையும். அதனால் தளத்தை ஒட்டிப் பொருத்தாமல் அடியில் காற்று ஓட இடம் விடுங்கள்.

சிறு நிறுவனங்கள் சறுக்குவது பணப் புழக்கத்தில்தான். வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்ய கர் திட்ட மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கே போகும். அதைக் கழித்து விலை பேசினால் உங்கள் முதல் முடங்கும். முழு விலையையே சொல்லி, வங்கிக் கடன் வாங்க உதவுங்கள். பேனல் இறங்கும் முன்பே பெரும்பங்கை வாங்கிவிடுங்கள். வெயிலை மின்சாரமாக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்கும் பேனலுக்கே மானியம் உண்டு.

பேனல் பக்கத்து டிசி, வீட்டுப் பக்கத்து ஏசி, இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் போடுங்கள். பாறை நிலத்தில் குழி தோண்டிவிட்டோம் என்று நிற்காமல் எர்த்தின் மின்தடையை மீட்டர் வைத்து அளக்க வேண்டும். பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைக் கட்டிங் பிளேயரால் நசுக்கினால் இணைப்பு சூடேறி உருகும். அதைச் சரியாக அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவிக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.