பெயருக்குப் பதில் பட்டம்: ஃபேன்டஸி நாவலில் அத்தியாயத் தலைப்பு வைக்கும் முறை

பல பாத்திரங்களின் பார்வையில் மாறி மாறி நகரும் ஃபேன்டஸி நாவலில், ஓர் அத்தியாயம் யாருடைய கண் வழியாகச் செல்கிறது என்பதைத் தெரிவிக்க அந்தப் பாத்திரத்தின் பெயரையே தலைப்பாக வைப்பதுதான் எளிய வழி. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996-இல் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலை இப்படித்தான் அமைத்தார். அந்த நாவலில் தொடங்கிய தொடரில், 2005-இல் வெளிவந்த நான்காம் நூலில் சிலருடைய பெயர்களை விலக்கிவிட்டு, ‘தீர்க்கதரிசி’, ‘காவலர் தலைவன்’ என்று பட்டங்களைத் தலைப்பாக்கினார். இந்த உத்தி பலரையும் கவர்கிறது; ஆனால் அழகுக்காக மட்டும் கையாண்டால் வாசகரைக் குழப்புவதோடு நின்றுவிடும்.

யாருக்குப் பட்டம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நாவல் முழுவதும் உடன் வரும் பாத்திரத்துக்குப் பெயரே போதும். இரண்டு மூன்று அத்தியாயங்களில் மட்டும் தலைகாட்டும் பாத்திரத்தின் பெயரை நினைவில் வைத்திருப்பதைவிட, அவர் வகிக்கும் பொறுப்பை நினைவில் வைத்திருப்பது வாசகருக்கு எளிது. தான் யார் என்பதே ஆட்டம் காணும் நிலையில் உள்ள பாத்திரத்துக்கும் பட்டம் மிகவும் பொருந்தும். எல்லோருக்கும் பட்டம் கொடுத்தால் எவருக்குமே அது உறைக்காது.

அடுத்து, அந்தப் பட்டத்தைச் சூட்டுவது யார் என்று கேளுங்கள். என் பார்வையில் இந்த உத்தியின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பதவி தந்த பட்டம், ஊரார் வைத்த பட்டம், தானே உரிமை கொண்டாடும் பட்டம், பகைவன் திணித்த பட்டம் ஆகிய நான்கும் ஒரே மனிதனை நான்கு விதமாகக் காட்டும். மார்ட்டினின் அதே தொடரில் வரும் தியோன் என்ற பாத்திரம் இதற்குச் சிறந்த சான்று. 1998-இல் வந்த இரண்டாம் நூலில் அவனுடைய அத்தியாயங்கள் அவன் பெயரிலேயே இருந்தன. 2011-இல் வந்த ஐந்தாம் நூலிலோ, அவனை வதைத்தவன் சூட்டிய ‘ரீக்’ (நாற்றம்) என்ற பெயரே முதலில் தலைப்பாகிறது. பிறகு (வின்டர்ஃபெல் என்பது கதையில் வரும் ஒரு கோட்டை) ‘வின்டர்ஃபெல்லின் இளவரசன்’, ‘கட்சி மாறியவன்’, ‘வின்டர்ஃபெல்லில் ஓர் ஆவி’ என்று மாறிக்கொண்டே வந்து, கடைசியில் ‘தியோன்’ என்ற சொந்தப் பெயருக்கே திரும்புகிறது. உடைக்கப்பட்ட ஒருவன் தன்னை மீட்டுக்கொள்ளும் கதையைத் தலைப்புகளே சொல்லிவிடுகின்றன.

பட்டம் தலைப்போடு நிற்கட்டும். கதை நடையில் பெயரையே எழுதுங்கள். அந்தப் பெயர் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். ‘வாயிற்காவலன்’ என்று தலைப்பிட்டால் இப்படித் தொடங்கலாம்: “மாறன் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கதவருகே வந்தபோது, வெளியே நின்ற தூதன் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், ‘காவலா, திற’ என்றான்.” ஒரே வாக்கியத்தில் பெயரும் பொறுப்பும் தெரிந்துவிடுகின்றன, உலகம் அவனை வெறும் வேலையாளாகத்தான் பார்க்கிறது என்பதும் புலப்படுகிறது. அதே மாறன் எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு, வென்றவர்கள் அவனைக் ‘கோட்டைத் தலைவர்’ என்பார்கள், ஊரார் ‘கதவைத் திறந்தவன்’ என்பார்கள். எதைத் தலைப்பாக்குகிறீர்களோ, அதைப் பொறுத்தே வாசகர் அவனிடம் இரக்கம் கொள்வதும் கொள்ளாததும் அமையும்.

தமிழில் எழுதும்போது வினைமுற்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. தலைப்பில் ‘தலைவர்’ என்று வைத்துவிட்டு, நடையில் ‘அவன் நடந்தான்’ என்று எழுதினால் மரியாதைக்கும் அவனுடைய உள்நிலைக்கும் இடையிலுள்ள பிளவு தெரியும். அது நீங்கள் எண்ணிச் செய்ததாக இருந்தால் அருமையான கருவி; கவனக்குறைவால் நேர்ந்திருந்தால் வெறும் பிழை. பாத்திரம் தன்னைப் பற்றி நினைக்கும் விதத்துக்கேற்ப ‘அவன்’ அல்லது ‘அவர்’ என்பதை ஒருமுறை முடிவு செய்து, நடையில் அதை மாற்றாதீர்கள். மரியாதை கூடுவதும் குறைவதும் பிறர் பேசும் உரையாடலில் நிகழட்டும். ‘தளபதி’, ‘ஒற்றர்’ போன்ற சொற்கள் ஆணா பெண்ணா என்பதைச் சொல்வதில்லை. ஆளை மறைத்து வைக்க விரும்பினாலும், அடுத்து வரும் ‘நின்றாள்’ என்ற வினைமுற்று அதை வெளிப்படுத்திவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

எழுதி முடித்ததும் ஒரு பாத்திரத்தின் தலைப்புகளை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதிப் படியுங்கள். அவற்றுக்கிடையே மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் பட்டங்களை நீக்கிப் பெயருக்கே திரும்பிவிடலாம். ‘துரோகி’, ‘புதிய அரசி’ போன்ற தலைப்புகள் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றனவா என்றும் பாருங்கள். பலர் கதைக்குள் நுழையுமுன் பொருளடக்கத்தைத்தான் புரட்டுவார்கள்; ஆகவே அப்படிப்பட்ட தலைப்பு தவிர்க்க முடியாததாக இருந்தால், பொருளடக்கத்தில் எண்களை மட்டும் அச்சிடுங்கள்.