முதலில் பொரியல், பிறகு சோறு

சர்க்கரை நோய் என்று ரிப்போர்ட் வந்த அன்றே அரிசி மூட்டையை ஓரங்கட்டிவிட்டு, மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சியில் இறங்குபவர்கள் பலர். நானும் அப்படித்தான் இறங்கினேன். ஒரு வாரம் கழித்து, ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரில் பார்த்தால், கஞ்சி குடித்த இரண்டு மணி நேரத்தில் 230 mg/dL! கேழ்வரகிலும் மாவுச்சத்துதான் அதிகம். மாவாக்கிக் கரைத்துக் குடிக்கும்போது மெல்லும் வேலைகூட இல்லாமல் சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடுகிறது.

சோற்றை அடியோடு விடத் தேவையில்லை. சாப்பிடும் வரிசையை மாற்றிப் பாருங்கள். தட்டில் பாதிக்குப் பீன்ஸ், கோவைக்காய், கீரை என ஏதாவது காய். அதை முதலில் சாப்பிட்டு முடியுங்கள். அடுத்து கால் பங்குக்குச் சுண்டல், முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்குதான் சோறு, அதுவும் கடைசியில். உருளைக்கிழங்கு வறுவல் காய்க் கணக்கில் வராது. என் மாமியார் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து 2 மணி நேரம் கழித்துச் சோதித்து, என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் மீட்டர் காட்டிய அளவையும் ஒரே வரியில் நோட்டில் எழுதுங்கள். 180க்குள் இருப்பது பொதுவான இலக்கு; உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இட்லியா தோசையா என்ற வழக்கை அந்த நோட்டே தீர்த்துவிடும்.

சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். கை நடுங்கி, வியர்த்து, மீட்டர் 70க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.