சரிவு காலத்தில் டி.வி.யையும் வீட்டுக் கணக்கையும் பார்ப்பது எப்படி?

பொருளாதாரம் சரிகிறது என்ற பேச்சு கிளம்பியதும் முதலில் ராத்திரி விவாத நிகழ்ச்சியை நிறுத்துங்கள். செய்தியே வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் பேப்பர் படியுங்கள், மத்தியானம் பத்து நிமிடம் செய்தி கேளுங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற இடத்தில் ஒரு எண்கூட முழுசாகக் காதில் விழாது, பயம்தான் மிஞ்சும். பயந்துபோனவர்கள் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறார்கள், இல்லாவிட்டால் முதிர்வுக்கு வரப்போகும் டெபாசிட்டைப் பாதியில் உடைக்கிறார்கள். மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் இதைப் பலமுறை பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், இருக்கிறேன். கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது, கூட்டுறவு ஃபேக்டரிக்கு இலை போடுகிறோம். அரசியலில் என்னைப் பழமைவாதி என்பார்கள். சரி, அப்படித்தான். வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், கடனுக்கு அஞ்ச வேண்டும், குடும்பத்தைக் குடும்பம்தான் முதலில் தாங்க வேண்டும், அரசாங்கம் கடைசியில்தான் வர வேண்டும் என்று நினைக்கிறவள். ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி எதற்கும் அரசு அனுமதி வேண்டும் என்ற லைசென்ஸ், பெர்மிட் ஆட்சியை எதிர்த்துப் பேசியது இதைத்தான் என்று நம்புகிறேன். வேறு கட்சிக்காரர்களும் கீழே சொல்லும் முறையைப் பின்பற்றலாம். கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

திரையில் வரும் எண்ணை எப்படிப் படிப்பது

பம்பாய் பங்குச் சந்தையின் குறியீட்டு எண்ணான சென்செக்ஸ் இத்தனை புள்ளி விழுந்தது என்று சிவப்பு எழுத்தில் ஓடும். புள்ளியை விட்டுவிட்டு சதவீதத்தைத் தேடுங்கள். கொரோனா பயத்தில் 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,935 புள்ளி விழுந்தது. 2024 ஜூன் 4 அன்று, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாளில், 4,390 புள்ளி விழுந்தது. புள்ளியை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் பெரிய வீழ்ச்சி. ஆனால் 2020-இல் விழுந்தது 13 சதவீதம். 2024-இல் விழுந்தது 6 சதவீதத்துக்கும் கீழே, அதாவது பாதிகூட இல்லை. குறியீட்டு எண்ணே உயர்ந்துவிட்டதால் புள்ளி பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். திரையில் சதவீதம் காட்டவில்லை என்றால் அந்தச் செய்தியை அப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து, அந்த வாரம் முடியும்வரை காத்திருங்கள். அதே 2024-இல் ஜூன் 1 சாயங்காலம் தேர்தல் முடிவு பற்றிய கருத்துக்கணிப்புகள் வந்தன. ஜூன் 3 அன்று சந்தை 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது, மறுநாளே அதைவிட அதிகமாக விழுந்தது, 7-ஆம் தேதி எல்லாவற்றையும் மீட்டுவிட்டது. நடுவில் பயந்து விற்றவர்களுக்குத்தான் நஷ்டம். கணிப்பை நிச்சயம்போலச் சொன்ன சேனல்கள் எதுவும் யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

தமிழ்நாட்டில் எந்த சேனல் எந்தக் கட்சிக்கு நெருக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். கலைஞர் டி.வி., ஜெயா டி.வி., மக்கள் டி.வி., கேப்டன் டி.வி. என்று பெயரைக் கேட்டாலே போதும். அதனால் ஒரே செய்தியை எதிரெதிரான இரண்டு சேனல்களில் கேளுங்கள். இரண்டும் ஒத்துக்கொள்கிற எண்ணை மட்டும் நோட்டில் எழுதுங்கள். என் பக்கத்துக் கருத்தைப் பேசுகிற சேனலுக்கும் இதே விதிதான். மனசுக்குப் பிடித்ததைச் சொல்கிறார்கள் என்பதற்காக எண்ணைச் சரிபார்க்காமல் விட்டால் ஏமாறப்போவது நாம்தான். பத்திரிகைகளுக்கு அரசு விளம்பரம் ஒரு பெரிய வருமானம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆள்கிறவர்கள் யாராக இருந்தாலும் முழுப்பக்கச் சாதனை விளம்பரத்தைச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வங்கி திவால் என்று வந்தால் ரிசர்வ் வங்கி என்ன சொல்லியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்த பிறகு இங்கே ஐசிஐசிஐ வங்கியைப் பற்றி வதந்தி பரவியது, சில ஊர்களில் ஏ.டி.எம். வாசலில் கூட்டம் கூடியது. அந்த மாதக் கடைசியில் வங்கியிடம் போதிய பணம் இருக்கிறது என்று ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. வங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி விஷயம் வேறு. அங்கே ரிசர்வ் வங்கியே 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது, இரண்டு வாரத்துக்குள் நீக்கியது. ஒன்று வதந்தி, இன்னொன்று நிஜம். அறிக்கையைப் படித்தவருக்கு வித்தியாசம் அன்றே தெரிந்தது.

நம்முடைய எண் எது

மலையில் இருக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். டி.வி.யில் ஓடும் சரிவும் நம் வீட்டுச் சரிவும் ஒரே சமயத்தில் வருவதில்லை. 1991-இல் சோவியத் யூனியன் உடைந்தபோது நீலகிரித் தூளை நிறைய வாங்கிக்கொண்டிருந்த நாடு இல்லாமல் போனது. 90-களின் கடைசியில் இலை விலை படுத்துவிட்டது. உருளைக்கிழங்கு நிலத்தைத் தேயிலையாக மாற்றியிருந்த குடும்பங்கள் ரொம்பத் தவித்தன. அதே 1999-2000-இல் பம்பாய் சந்தை கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகளால் ஏறிக்கொண்டிருந்தது, பேப்பரில் ஒரே கொண்டாட்டம். பத்து வருஷம் கழித்து நேர் எதிராக நடந்தது. 2008-இல் உலகச் சந்தை நொறுங்கியது. 2009-இல் கென்யா, இலங்கை, இந்தியா என்று பல இடங்களில் மழை பொய்த்ததால் உலகச் சந்தையில் தேயிலை விலை ஏறியது. டி.வி.யைப் பார்த்து முடிவெடுத்திருந்தால் இரண்டு முறையும் தப்பாகத்தான் எடுத்திருப்போம்.

ஆகவே உங்கள் எண் குன்னூர் தேயிலை ஏல விலை. வாரா வாரம் ஏலம் நடக்கிறது. அந்தச் சராசரியை வைத்து அடுத்த மாதம் கைக்கு வரப்போவதைக் கணக்கிடலாம். நாலு கிலோவுக்குக் குறையாமல் இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் வரும். ஏலத்தில் தூள் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ இலையில் இருக்கும் தூளின் மதிப்பு 25 ரூபாய். தூள் விலையை விவசாயியும் ஃபேக்டரியும் பங்கிட்டுக்கொள்ளும் விலைப் பகிர்வு முறைப்படி அதில் 65 சதவீதம் விவசாயிக்கு என்றால் 16 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. தேயிலை வாரியம் மாதா மாதம் அறிவிக்கும் சராசரி விலையையும் பக்கத்தில் எழுதி, ஃபேக்டரி கொடுத்ததோடு ஒத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். 2023-இல் கிலோவுக்குக் குறைந்தது 33.50 ரூபாய் வேண்டும் என்று நம் மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த வலி என்னுடைய வலியும்தான். ஆனாலும் வீட்டு நோட்டில் கேட்ட விலையை எழுதக் கூடாது, வந்த விலையைத்தான் எழுத வேண்டும்.

கேரட், பூண்டு போடுகிறவர்களுக்கு மேட்டுப்பாளையம் மண்டி விலைதான் எண். அதே முறையில் எழுதினால் போதும்.

வாக்குறுதிகளைக் கணக்கில் எழுதும் விதம்

தேர்தல் சமயத்தில் அறிவிப்புகள் மழையாகக் கொட்டும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் நோட்டில் இரண்டு பக்கம் போடுங்கள், யாருக்கு வரும், யார் கொடுப்பார்கள் என்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னது. இதைச் சொன்னது எந்த எதிர்க்கட்சியும் இல்லை, அரசே சொன்னது. அந்த எண்ணை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இலவசமாக எதை அறிவித்தாலும் அதைத் திருப்பிப் பார்க்கலாம்.

கடன் தள்ளுபடியும் அப்படித்தான். 2008 பட்ஜெட்டில் மத்திய அரசு 60,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்தது. 2021 பிப்ரவரியில் மாநில அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடியைத் தள்ளுபடி செய்தது. ஆண்ட கட்சிகள் வேறு வேறு. இரண்டிலுமே வட்டிக்குப் பயந்து, சாப்பாட்டைச் சுருக்கி, முன்கூட்டியே கட்டி முடித்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 2008 அக்டோபரில் 70,000 கோடி டாலர் ஒதுக்கிப் பெரிய வங்கிகளைக் காப்பாற்றியபோது அங்கிருந்த பழமைவாதிகள் பலர் கேட்டதும் இதே கேள்விதான். ஒழுங்காக இருந்தவர்கள் ஏன் மற்றவர்களுக்காகக் கட்ட வேண்டும்? தள்ளுபடி வரும் என்று எதிர்பார்த்துத் தவணையை நிறுத்தாதீர்கள். வராவிட்டால் வட்டி ஏறும், கடன் தகுதி மதிப்பெண் கெடும், அடுத்த கடன் கிடைக்காது.

மகளிர் உரிமைத்தொகை வாங்கும் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் குழுவிலேயே பலர் வாங்குகிறார்கள். அவர்களிடம் ஒரு விதி மட்டும் சொல்கிறேன். அதை மளிகைச் செலவுக்கான வரவாக எழுதாதீர்கள், தபால் அலுவலக ஆர்.டி.யில், அதாவது மாதா மாதம் கட்டும் சேமிப்புக் கணக்கில், போடுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து வருஷக் கணக்கு. நாளைக்கு எந்த அரசு அதை நிறுத்தினாலும் உங்கள் அடுப்பு எரிவதற்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

நோட்டில் மிச்சப் பக்கங்கள்

பனிக்காலத்தை மனதில் வைத்து வருஷக் கணக்கைப் போடுங்கள். டிசம்பரிலிருந்து பனி, அப்புறம் வறட்சி, மழை வரும்வரை பறிப்பு குறைவு. அந்த மாதங்களுக்கான அரிசி, கேஸ், பள்ளிக்கட்டணம், மருந்து ஆகியவற்றை நல்ல விளைச்சல் மாதங்களில் தனியாக எடுத்து வைக்க வேண்டும். உரமும், செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கூலியும் தனிக் கவர். இலை ஏஜென்டிடம் முன்பணம் வாங்குவதை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தவிருங்கள். முன்பணம் வாங்கினவர் விலை பேச முடியாது, எடை குறைந்தாலும் வாய் திறக்க முடியாது.

சேமிப்பு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020-க்கு முன்பு அது 1 லட்சம்தான். கூட்டுறவு வங்கிக்கும் இது பொருந்தும், ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஊரில் நிறைய. மாதம் பத்து சதவீதம் தருகிறேன் என்று யாராவது வந்தால், ரிசர்வ் வங்கியின் ‘சச்சேத்’ இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். சீட்டு என்றால் சீட்டுப் பதிவாளரிடம் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சொந்தக்காரர் நடத்தினாலும் கேளுங்கள். கேட்பதால் கெடுகிற சொந்தம் பணம் போன பிறகு கண்டிப்பாகக் கெடும்.

கடைசியாக, சமையலறைக் காலண்டரில் சில தேதிகளைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி வாக்கில் விலைவாசி உயர்வு எண் வரும். அது 4 சதவீதத்தைச் சுற்றி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கிக்கு இருக்கும் இலக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வட்டி விகித முடிவு வரும், நகைக்கடனும் வீட்டுக்கடனும் வைத்திருப்பவர்கள் அன்று கவனிக்க வேண்டும். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் கடைசியில் நாட்டின் வளர்ச்சி எண். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசியில் தபால் அலுவலகச் சேமிப்புகளின் அடுத்த காலாண்டு வட்டி. வட்டி குறையும் என்று தோன்றினால், முதிர்ந்த டெபாசிட்டை அந்தத் தேதிக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.