பட்டி ரிச்சின் 1966 நேரடிப் பதிவைக் கேட்பது எப்படி

பிக் பேண்ட் ஜாஸை, அதாவது டிரம்பெட், டிரம்போன், சாக்ஸபோன் நிறைந்த பெரிய குழு வாசிக்கும் ஜாஸை, முதன்முறையாகக் கேட்க விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது, டிரம்ஸ் கலைஞர் பட்டி ரிச் தம் சொந்தக் குழுவோடு 1966-இல் பதிவு செய்த ‘ஸ்விங்கின் நியூ பிக் பேண்ட்’ என்ற இசைத்தட்டைத்தான். குழுவின் தலைவர் டிரம்ஸ் வாசிப்பவர் என்று தெரிந்ததும், டிரம்ஸ் சோலோ (தனியாக வாசிக்கும் பகுதி) எங்கே வருகிறது என்று தேடி நேராக அங்கே தாவுவதே பலருடைய வழக்கமாக இருக்கிறது. அப்படிக் கேட்பவர்கள் இந்தத் தட்டின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறார்கள். ரிச்சின் உண்மையான ஆற்றல் பிறர் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் செய்யும் வேலையில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்த வேலையைக் காதால் பின்தொடரும் முறையையே இங்கே விளக்குகிறேன்.

முதலில் தேவையான அளவு பின்னணி. 1917-இல் புரூக்ளினில் பிறந்த ரிச், மழலைப் பருவத்திலேயே வாட்வில் எனப்படும் பல்சுவை மேடைகளில் டிரம்ஸ் வாசித்தவர். ஆர்ட்டி ஷா, டாமி டார்சி, ஹாரி ஜேம்ஸ் ஆகியோரின் குழுக்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஹாரி ஜேம்ஸிடம் நல்ல நிலையில் இருந்த அவர், 1966-இல் அங்கிருந்து விலகிப் புதிய குழு தொடங்கினார். ராக் இசை எங்கும் ஒலித்த அந்தக் காலத்தில், ஏறத்தாழ பதினாறு பேருக்குச் சம்பளமும் பயணச் செலவும் கொடுத்து ஒரு குழுவை நடத்துவது துணிச்சலான முடிவு. அந்தக் குழு அதே ஆண்டின் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் ஹாலிவுட்டின் ‘தி ஷே’ என்ற இரவு விடுதியில், கேட்க வந்தவர்கள் முன்னிலையில் வாசித்ததையே பசிபிக் ஜாஸ் நிறுவனம் தட்டாக வெளியிட்டது.

கேட்கும் கருவியில் கவனம் வேண்டும். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் காலால் அடிக்கும் பாஸ் டிரம்மும், தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்திக் கருவியான டபுள் பாஸும் ஏறக்குறைய மறைந்துவிடும். அவை மறைந்தால் குழுவைத் தாங்கும் அடித்தளமே கேட்காது. ஓரளவு நல்ல ஹெட்ஃபோனோ இரண்டு ஸ்பீக்கர்களோ போதும். தட்டில் இருக்கும் வரிசையை விட்டுவிட்டு, முதல் நாளில் ‘பேசிக்கலி ப்ளூஸ்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாத நடையில் செல்லும் உருப்படி என்பதால், எது எங்கே நடக்கிறது என்பதைப் பிரித்தறிய அது வசதியானது.

அதைக் கேட்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். இரண்டிலும் நான்கிலும் ‘சிக்’ என்று மூடும் ஒலி, இடது காலால் இயக்கப்படும் சிம்பல் ஜோடியான ஹை-ஹேட்டினுடையது. அதற்கு மேலே ‘டிங், டிங்-க-டிங்’ என்று ஓடிக்கொண்டிருப்பது குச்சியால் தொடர்ந்து தட்டப்படும் ரைடு சிம்பல். இந்த இரண்டையும் டபுள் பாஸின் நடையோடு சேர்த்துக் கேட்கப் பழகிவிட்டால் ஸ்விங் எனப்படும் ஜாஸ் தாள நடைக்கு விளக்கம் தேவைப்படாது. உடலே அதை உணர்ந்துகொள்ளும். ப்ளூஸ் வடிவத்தில் 12 பார்களுக்கு (இங்கே ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை) ஒருமுறை இசை தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் என்பதால், பார்களையும் எண்ணி வந்தால் யார் சோலோ எங்கே முடிகிறது, அடுத்தவர் எங்கே நுழைகிறார் என்பது முன்கூட்டியே தெரிய வரும்.

இனி, இந்த வழிகாட்டியின் மையமான பயிற்சிக்கு வருகிறேன். நான்கு டிரம்பெட்டுகளும் மூன்று டிரம்போன்களும் ஒரே நொடியில் சேர்ந்து வெடிக்கும் இடங்கள் இந்தத் தட்டு முழுவதும் வருகின்றன. அந்த வெடிப்பைக் கேட்காதீர்கள். அதற்கு அரை நொடி முன்னால் என்ன நடக்கிறது என்பதைக் கேளுங்கள். நான்காம் எண்ணிக்கைக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவே பித்தளைக் கருவிகள் நுழைய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கைக்கு இடையில் விழும் அத்தகைய இடத்தில் ஏழு பேர் ஒரே மூச்சில் நுழைவது எளிதன்று. நல்ல டிரம்ஸ் கலைஞர் நான்காம் எண்ணிக்கையில் ஸ்னேர் எனப்படும் கூர்மையான ஒலியுள்ள டிரம்மில் ஓர் அழுத்தமான அடியைக் கொடுத்து, அந்த இடைவெளியை அனைவருக்கும் துலக்கமாகக் காட்டிவிடுவார்; பின்னர் பித்தளைக் கருவிகள் நுழையும் அதே கணத்தில் பாஸ் டிரம்மையும், பலமாக ஒலிக்கும் கிராஷ் சிம்பலையும் சேர்த்து அடித்து அவற்றின் கனத்தைக் கூட்டுவார். ரிச் இதைச் செய்யும்போது, முழுக் குழுவும் ஒரே கையால் இயக்கப்படுவதுபோல் தோன்றுகிறது. ஹொரேஸ் சில்வரின் ‘சிஸ்டர் சேடி’, பில் ஹோல்மனின் ‘ரெடிமிக்ஸ்’ ஆகிய இரண்டிலும் இந்தப் பயிற்சியைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு வெடிப்புக்கும் முன்னால் ஸ்னேர் என்ன சொன்னது என்பதை மட்டும் கவனித்து, தேவைப்பட்டால் அதே அரை நிமிடத்தைப் பின்னோக்கி நகர்த்தி மீண்டும் கேளுங்கள்.

இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டிய செய்தி ஒன்று உண்டு: ரிச் இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றவர் அல்லர். புதிய இசைக்கோர்ப்பு வந்தால், ஒத்திகையில் வேறொரு டிரம்ஸ் கலைஞரை வாசிக்கச் சொல்லி அமர்ந்து கேட்பார். பிறகு எழுந்து சென்று நினைவிலிருந்தே வாசிப்பார். நீங்கள் கேட்கும் அந்தத் துல்லியமான முன்னறிவிப்புகள் அனைத்தும் காகிதத்தைப் பாராமல் காதிலிருந்து வந்தவை என்பதை அறிந்து கேட்கும்போது, அவர்மீது எனக்குள்ள மதிப்பு உங்களுக்கும் ஏற்படும் என்று நம்புகிறேன்.

சோலோ வாசிப்பவர்களின் பின்னணியையும் சற்றுக் கவனியுங்கள். ஜே கோர் டெனர் சாக்ஸபோனில் தனியாக வாசிக்கும்போது ரிச்சின் இடது கை ஸ்னேரில் இடையிடையே பேசும். ‘அப்டைட்’ வேறு காரணத்துக்காகக் கேட்க வேண்டியது: அப்போதுதான் புகழ்பெற்றிருந்த ஸ்டீவி வொண்டரின் பாடலைப் பிக் பேண்ட் எடுத்து வாசிப்பதில், காலத்தோடு இணைந்து செல்ல வேண்டும் என்ற குழுவின் முனைப்பு வெளிப்படையாகத் தெரிகிறது.

நேரடிப் பதிவு என்பதால் அரங்கின் ஒலியையும் ஏற்றுக்கொண்டு கேட்க வேண்டும். ஒரு கருவியின் ஒலி இன்னொரு கருவியின் மைக்கிலும் விழும், கைதட்டல் இருக்கும், டிரம்பெட்டின் விளிம்பு சற்றுக் கூர்மையாகவே கேட்கும். இவற்றைக் குறையாக நான் எண்ணுவதில்லை. மக்கள் முன்னிலையில் வாசிக்கும்போது குழுவுக்கு ஏற்படும் அழுத்தமும் உற்சாகமும் அந்த ஒலிகளோடு சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன.

கடைசியாக, ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி மெட்லி’. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1957-ஆம் ஆண்டின் மேடை நாடகத்துக்கு அமைத்த மெட்டுகளைப் பில் ரெட்டி பிக் பேண்டுக்காகக் கோர்த்த, பத்து நிமிடத்துக்கும் மேற்பட்ட உருப்படி அது. இதை ஒரே மூச்சில் கேட்காமல் இரண்டு முறையாகக் கேட்கச் சொல்வேன். முதல் முறை, மெட்டுகள் மாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘கூல்’, ‘சம்திங்ஸ் கமிங்’, ‘சம்வேர்’ ஆகியவை வெவ்வேறு வேகத்திலும் மனநிலையிலும் வருகின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குழுவை இட்டுச் செல்லும் பொறுப்பு பெரும்பாலும் டிரம்ஸிடம் இருக்கிறது. இரண்டாம் முறை, இறுதிப் பகுதியில் வரும் நீண்ட டிரம்ஸ் சோலோவுக்குக் காது கொடுங்கள். வேகத்தைக் கண்டு திகைப்பதோடு நின்றுவிடாமல், ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடருங்கள்: ஸ்னேர் உருட்டலை முணுமுணுப்பின் அளவுக்குத் தணித்து, அதே வேகத்தில் சிறிது சிறிதாக வளர்த்து, டாம் எனப்படும் மற்ற டிரம்களுக்கும் சிம்பல்களுக்கும் விரிப்பது ரிச்சின் தனி முத்திரை. வேகமாக அடிப்பவர்கள் பலர் உண்டு. அத்தனை வேகத்தையும் மெல்லிய ஒலியில் காக்க முடிந்தவர்கள் மிகச் சிலரே.

இந்தத் தட்டு பழகியபின், 1968-இல் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸில் பதிவான ‘மெர்சி, மெர்சி’க்குச் செல்லுங்கள். அதிலுள்ள ‘சேனல் ஒன் சூட்’டும் பில் ரெட்டியின் ஆக்கமே, டான் மென்சா துணையேதுமின்றி டெனர் சாக்ஸபோனில் வாசிக்கும் பகுதியும், அதன் பின் குழு மீண்டும் நுழையும் விதமும் இங்கே சொன்ன பயிற்சிக்கு மிகப் பொருத்தமானவை. ரிச்சின் கைகளையே பார்க்க விரும்புவோருக்கு, 1985-இல் சான் பிரான்சிஸ்கோவில் எடுக்கப்பட்ட அவருடைய குழுவின் காணொளி கிடைக்கிறது. அதை முதலில் படமின்றிக் கேட்டு, ஸ்னேரின் முன்னறிவிப்புகளை அடையாளம் கண்டபின் படத்தோடு பார்ப்பது நல்லது.