பிழை எந்த கமிட்டில் நுழைந்தது?
சென்ற மாதம் ஒழுங்காக இயங்கிய நிரல் இன்று தவறான விடை தரும்போது, இடையில் ‘கமிட்’ என்ற பெயரில் பதிவான மாற்றங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நிரலின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் ‘பைசெக்ட்’ கட்டளைக்கு, சரியாக இயங்கிய பழைய கமிட் ஒன்றையும் பிழையுள்ள இப்போதைய கமிட்டையும் காட்டினால், அது நடுவிலுள்ள கமிட்டை எடுத்து நம் முன் வைக்கும். அதைச் சோதித்து ‘குட்’ அல்லது ‘பேட்’ என்று சொல்லச் சொல்ல, தேட வேண்டிய பகுதி ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைவதால், 1,000 கமிட்டுகளுக்கு ஏறத்தாழ 10 சோதனைகளே போதும். சோதிப்பதற்கு ஸ்கிரிப்ட் (தானாக இயங்கும் சிறுநிரல்) இருந்தால், ‘பைசெக்ட் ரன்’ அதையும் தானே செய்துவிடும். கம்பைல் ஆகாத, அதாவது இயங்கும் வடிவத்துக்கு மாற்ற முடியாத, கமிட் குறுக்கிட்டால் ‘ஸ்கிப்’ கொடுத்துத் தாண்டலாம். ஒரே கமிட்டில் நாற்பது கோப்புகளைத் திணிப்பவர்கள் குழுவில் இருந்தால், குற்றவாளி கமிட் சிக்கிய பிறகும் பாதி வேலை மிச்சமிருக்கும். தேடல் முடிந்ததும் ‘பைசெக்ட் ரீசெட்’ கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.