மைக்ரோபயாலஜி வேலைக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மருத்துவ சீட் கைநழுவியதும், 'எப்படியும் ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்துவிடலாம்' என்று மைக்ரோபயாலஜியில் (நுண்ணுயிரியலில்) சேர்கிறவர்கள் நிறைய. முதல் சறுக்கல் அதுதான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்து, கருவியில் ஓட்டி, கல்ச்சர் போடும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) டெக்னீஷியன் வேலைக்கு வழக்கமாகக் கேட்கும் படிப்பு டி.எம்.எல்.டி அல்லது பி.எஸ்சி எம்.எல்.டி, அதாவது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ அல்லது பட்டம். கல்ச்சர் ரிப்போர்ட்டில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் எம்.டி மைக்ரோபயாலஜி முடித்த டாக்டர். கலைக் கல்லூரி பி.எஸ்சி மைக்ரோபயாலஜி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்றால் பிளஸ் டூ முடித்த கையோடு எம்.எல்.டி-க்குப் போவதே நேர்வழி. மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் மூன்றாண்டு எம்.எஸ்சி மெடிக்கல் மைக்ரோபயாலஜியும், கலைக் கல்லூரியின் இரண்டாண்டு எம்.எஸ்சியும் ஒன்றல்ல என்பதையும் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் இந்தப் படிப்புக்கு வேலை எங்கே? மருந்துக் கம்பெனி, குடிநீர், பால், இறால், உரம். இந்த இடங்களில் எல்லாம் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை நுண்ணுயிர் இருக்கிறது, இருக்கக் கூடாதது இருக்கிறதா? பாட்டில் குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 250 மி.லி தண்ணீரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. தூள் வடிவ உயிர் உரத்தில், உதாரணமாகக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் அசோஸ்பைரில்லத்தில், ஒரு கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்லாவது இருந்தாக வேண்டும். திரவ உரம் என்றால் மில்லிக்கு 10 கோடி. இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் தொட்டித் தண்ணீரை டி.சி.பி.எஸ் தட்டில் (விப்ரியோ கிருமிகளை வளர்க்கும் ஊடகம்) போட்டு, மஞ்சள் காலனி (கிருமி பெருகி உருவாகும் புள்ளி) எத்தனை, பச்சைக் காலனி எத்தனை என்று பார்ப்பார்கள். பச்சை கூடினால் இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் மாதிரியான ஆசாமிகள் பெருகுகிறார்களோ என்ற கவலை. ஒரே கைவேலைதான், ஓரிடத்தில் பூஜ்யம் வேண்டும், இன்னோரிடத்தில் கோடிக்கணக்கில் வேண்டும். எந்த மேசையில் உட்காரப் போகிறோம் என்று இரண்டாம் வருடத்திலேயே முடிவு செய்துவிட்டால், பாடத்திட்டத்தில் எதை ஊன்றிப் படிப்பது என்பதும் தெளிவாகிவிடும்.

அரசு வேலை அறிவிப்பை அரைகுறையாகப் படிப்பது அடுத்த தவறு. மருந்து ஆய்வாளர் பதவிக்கான தகுதியில் 'மைக்ரோபயாலஜி' என்ற சொல் வரும். அதைப் பார்த்ததும் பணம் கட்டி விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறுகிறவர்கள் உண்டு. விதி சொல்வது பார்மசி அல்லது மருந்து அறிவியல் (பார்மசூட்டிகல் சயின்ஸ்) பட்டம். இல்லையென்றால் கிளினிக்கல் பார்மகாலஜியிலோ மைக்ரோபயாலஜியிலோ சிறப்புப் படிப்புடன் கூடிய மருத்துவப் பட்டம். நம்முடைய பி.எஸ்சி அதில் வராது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கோ மைக்ரோபயாலஜி பட்டம் தகுதிப் பட்டியலிலேயே இருக்கிறது. உணவுப் பகுப்பாய்வாளர் ஆக முதுகலை, உணவுப் பரிசோதனையில் 3 வருட அனுபவம், அதன் மேல் தகுதித் தேர்வு. காற்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்துப் படித்தால் விண்ணப்பக் கட்டணமாவது மிஞ்சும்.

கணக்கில் விழும் ஓட்டை

நேர்முகத் தேர்வில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது உயிரியல் அல்ல, வகுத்தல் கணக்கு. ஒரு சாம்பிள். 1 மி.லி எடுத்து 9 மி.லி உப்புக் கரைசலில் கலந்து, அதையே நான்கு முறை செய்து 10⁻⁴ (பத்தாயிரத்தில் ஒரு பங்கு) வரை வந்தாயிற்று. அதிலிருந்து 0.1 மி.லி எடுத்துத் தட்டில் பரப்பினோம். மறுநாள் 62 காலனி. ஒரு மில்லிக்கு எத்தனை? பலர் சொல்லும் விடை 6 லட்சத்து 20 ஆயிரம். சரியான விடை 62 லட்சம். தட்டில் விழுந்தது முழு மில்லி அல்ல, அதில் பத்தில் ஒரு பங்கு என்பது மறந்துபோகிறது. காகிதத்தில் ஒரு பூஜ்யம் தவறினால் கம்பெனியில் ஒரு லாட் சரக்கு தவறாகப் பாஸாகும், அல்லது வீணாகத் தள்ளப்படும்.

கையில் நடக்கும் பிழை இதைவிட நுணுக்கமானது. 9 மி.லி குழாய்க்குப் பதிலாக 10 மி.லி ஊற்றிய குழாயில் 1 மி.லி சேர்த்தால் அது பத்தில் ஒன்று அல்ல, பதினொன்றில் ஒன்று. நான்கு படி போனதும் நீர்ப்பு 10,000 மடங்குக்குப் பதில் 14,641 மடங்காகிவிடும். பத்தாயிரத்தால் பெருக்கி எழுதும் விடை, உண்மையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: அளந்து ஊற்றிய குழாய்களை ஆட்டோகிளேவில் (அழுத்த ஆவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்து எடுக்கும்போது நீர் கொஞ்சம் ஆவியாகி 9 என்பது 8.7 ஆகிவிடலாம். அதனால்தான் கரைசலைத் தனியாகக் கிருமிநீக்கம் செய்துவிட்டு, பிறகு 9 மி.லி அளந்து ஊற்றும் பழக்கம் நல்ல லேப்களில் இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் பிப்பெட் முனையை மாற்றாவிட்டால் முந்தைய குழாயின் கிருமி அடுத்த குழாய்க்குக் கூடவே போகும். அகாரைக் (கிருமி வளரும் ஜெல்லி போன்ற ஊடகம்) கலந்து ஊற்றும் முறையில் அது 45 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் எண்ண வேண்டியவற்றில் ஒரு பகுதி அங்கேயே செத்துவிடும். 30 காலனிக்குக் கீழே இருக்கும் தட்டை ஏன் கணக்கில் எடுப்பதில்லை, 300-க்கு மேல் ஏன் விட்டுவிடுகிறோம் என்பதற்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். குறைவாக இருந்தால் தற்செயலின் ஆட்டம் பெரிது. அதிகமானால் காலனிகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு ஒன்றாகத் தெரியும். சில முறைநூல்களில் இந்த எல்லை 25 முதல் 250.

'121 டிகிரி, 15 பவுண்ட், 15 நிமிடம்' என்று ஆட்டோகிளேவ் பாடத்தை மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறவர்களிடம் கேட்கும் அடுத்த கேள்வி: முள் 15 பவுண்டைக் காட்டுகிறது, ஆனாலும் கிருமி சாகவில்லை, ஏன்? விடை சமையலறையில் இருக்கிறது. குக்கரில் ஆவி பீறிட்டு வந்த பிறகுதான் வெயிட் போடுகிறோம். உள்ளே இருக்கும் காற்று முதலில் வெளியேற வேண்டும். காற்றும் ஆவியும் கலந்திருந்தால் அழுத்தம் 15 பவுண்டைத் தொடும், வெப்பம் 121-ஐத் தொடாது. ஒரு லிட்டர் குடுவையின் நடுப்பகுதி சூடேற நேரமாகும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். முள்ளை நம்பாமல் கிருமியைக் கொண்டே சோதிப்பதற்கு ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் வித்துகள் இருக்கின்றன.

லேமினார் ஏர் ஃப்ளோவையும், வேலை செய்பவரையும் சேர்த்துக் காக்கும் பயோசேஃப்டி கேபினெட்டையும் ஒன்றென்று நினைப்பது ஆபத்தான குழப்பம். கல்லூரிகளில் பரவலாக இருக்கும் கிடைமட்ட லேமினார் சுத்தமான காற்றை உங்கள் முகத்தை நோக்கி ஊதுகிறது. தட்டுக்குப் பாதுகாப்பு, உங்களுக்கு இல்லை. சளி மாதிரியையோ நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியையோ அதில் திறக்கக் கூடாது. ஆஸ்பத்திரி மாதிரிகளோடு வேலை என்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தவணை வேலையில் சேர்வதற்கு முன்பே முடிந்திருந்தால் நல்லது.

மருந்துக் கம்பெனியில் பாதி வேலை எழுத்து

குவாலிட்டி கன்ட்ரோல் மைக்ரோபயாலஜி என்றதும் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தபடி உட்கார்ந்திருப்பதாக ஒரு கற்பனை. நடப்பது வேறு. முழு உடுப்பு போட்டு ஸ்டெரைல் பகுதிக்குள் போய் காற்றிலுள்ள கிருமி விழும்படி 90 மி.மீ தட்டுகளைத் திறந்துவைத்து, 4 மணி நேரத்துக்குள் எடுத்து இன்குபேட்டரில் வைக்க வேண்டும். மிகத் தூய்மையான ஏ கிரேடு பகுதியில் ஒரு காலனி வந்தாலும் விசாரணை. ஸ்டெரிலிட்டி டெஸ்ட் (மருந்தில் கிருமி இல்லை என்று பார்க்கும் சோதனை) என்றால் தயோகிளைகோலேட் திரவ ஊடகம் 30 முதல் 35 டிகிரியில், சோயாபீன் கேசின் திரவ ஊடகம் 20 முதல் 25 டிகிரியில், இரண்டும் 14 நாள். கிருமி வளர்ந்து கலங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த எழுத்தில்தான். துண்டுக் காகிதத்திலோ உள்ளங்கையிலோ எண்ணிக்கையைக் குறித்து வைத்து, சாயங்காலம் நோட்டில் அழகாக எழுதுவது கல்லூரி ரெக்கார்டு நோட்டின் பழக்கம். கம்பெனி ஆடிட்டில் அது பெரிய குற்றம். செய்யும்போதே எழுத வேண்டும். தவறினால் ஒரே கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, காரணம், கையெழுத்து, தேதி. வைட்னரைத் தொடவே கூடாது. அடுத்தவர் பாஸ்வேர்டில் கணினிக்குள் போவதும் அதே வகைக் குற்றம்தான். அழகான கையெழுத்துக்கு மார்க் போட்டு வளர்த்த பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் வலிக்கும்.

ரெஸ்யூமேயில் 'பி.சி.ஆர், எலைசா, ஹெச்.பி.எல்.சி தெரியும்' என்று பெரிய ஆய்வக முறைகளை அடுக்குவதும் ஒரு நோய். தூரத்தில் நின்று பார்த்ததைத் 'தெரியும்' என்று எழுதினால் இரண்டாவது கேள்வியில் சாயம் வெளுத்துவிடும். 'மெம்ப்ரேன் ஃபில்டர் முறையில் கிணற்று நீர் 40 மாதிரி பார்த்தேன்' என்ற ஒரு வரி அதைவிடக் கனம். எண்ணுவதற்கு 0.45 மைக்ரான் தாள், கிருமி வடிகட்ட 0.22 மைக்ரான் தாள் என்ற வித்தியாசத்தையும் கூடவே சொல்லிவிட்டால் வேறு சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.

வேப்பிலை ப்ராஜெக்ட்

எம்.எஸ்சி ப்ராஜெக்ட் என்றால் வேப்பிலை, துளசி, குப்பைமேனி: ஏதோ ஒரு இலைச்சாறு, நான்கு கிருமி, அகாரில் குழி, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்துக்கு ஸ்கேலால் அளவு. தலைப்பில் தவறில்லை. செய்யும் விதம்தான் அதைக் குப்பையாக்குகிறது. கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லாண்ட் கலங்கலில், அதாவது மில்லிக்கு ஏறத்தாழ 15 கோடி என்ற அளவில் இல்லையென்றால் இன்றைய அளவை நேற்றையதோடு ஒப்பிட முடியாது. முல்லர் ஹின்டன் அகார் 4 மி.மீ உயரம் இருக்க வேண்டும். தடித்தால் வட்டம் சுருங்கும். சாற்றைக் கரைத்த டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானை மட்டும் தனியாக ஒரு குழியில் ஊற்றாவிட்டால், கொன்றது இலையா கரைப்பானா என்று தெரியாது. 'ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிய ஈ.கோலை' என்று எழுதாமல், அமெரிக்கச் சேமிப்பகத்தின் ஏ.டி.சி.சி 25922 மாதிரி எண் உள்ள ரகத்தையோ சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி சேமிப்பகத்தின் ரகத்தையோ பயன்படுத்துங்கள்.

பெரிய வேடிக்கை முடிவுரையில் வரும். '100 மி.கி/மி.லி சாறு 18 மி.மீ வட்டம் தந்தது. எனவே சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இணையானது.' குழியில் 100 மைக்ரோலிட்டர் ஊற்றினால் உள்ளே போனது 10 மில்லிகிராம். ஒப்பிடும் ஆன்டிபயாடிக்கான சிப்ரோவின் சோதனை வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். இரண்டாயிரம் மடங்கு கொட்டிவிட்டு இணை என்கிறோம். தவிர, வட்டத்தின் அகலம் பொருள் அகாரில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. பெரிய மூலக்கூறு மெதுவாகத்தான் நகரும். எம்.ஐ.சி (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) கண்டுபிடித்தால்தான் ஒப்பிடப் பேச்சே எழும். பணம் வாங்கிக்கொண்டு ப்ராஜெக்டை முடித்துத் தரும் இடங்களில் இந்தக் கேள்விகள் எதையும் யாரும் கேட்பதில்லை, அதனால் கற்றுக்கொள்வதும் இல்லை.

ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்புகிறவர்கள் தேர்வு அமைப்பைத் தாமதமாகப் பார்க்கிறார்கள். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர் நெட் தேர்வில் மைக்ரோபயாலஜி என்று தனித் தாள் கிடையாது. லைஃப் சயின்சஸ் முழுவதையும் படிக்க வேண்டும், சூழலியலும் தாவர உடலியங்கியலும் உட்பட. கேட் தேர்வின் எக்ஸ்எல் (உயிர் அறிவியல்) தாளில் மைக்ரோபயாலஜி ஒரு பகுதியாக உண்டு, 30 மதிப்பெண். ஆனால் 25 மதிப்பெண்ணுக்கு வேதியியல் கட்டாயம். துணைப்பாடமாக வந்த கெமிஸ்ட்ரியைத் தூக்கிப்போட்டவர்கள் இங்கே தவிப்பார்கள். பி.எஸ்சி மூன்றாம் வருடத்திலேயே கேட் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் அறிவிப்புகளை அவரவர் இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள். தற்காலிகத் திட்டப் பணிகள் எல்லாம் வேலைவாய்ப்பு ஆப்களுக்கு வந்து சேர்வதில்லை.

கடைசியாக ஒன்று. 'வேலைக்கு வர வேண்டாம், பட்டச் சான்றிதழை மட்டும் கொடுங்கள், மாதாமாதம் ஒரு தொகை' என்று கேட்கும் சிறு தண்ணீர் கம்பெனிகள் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் இருக்கும், தண்ணீரை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். தர விதியில் 37 டிகிரியில் 24 மணி நேரத்தில் மில்லிக்கு 20 வரை, 20 முதல் 22 டிகிரியில் 72 மணி நேரத்தில் 100 வரை காலனிக்கு இடம் உண்டு. உண்மையில் சோதிக்கும் லேபின் பதிவேட்டில் ஒரு நாள் 3, ஒரு நாள் 11, ஒரு நாள் 0 என்று எண் ஆடும். உட்கார்ந்த இடத்தில் எழுதிய பதிவேட்டில் வருடம் முழுக்கப் பூஜ்யம் இருக்கும். விவரம் தெரிந்த ஆய்வாளர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அடுத்து கேட்பது அந்த மாதம் மீடியா (கிருமி வளர்க்கும் ஊடகம்) வாங்கிய பில்.